பக்கத்துல யார் உட்காரணும்? உண்ணாமையிலிருந்து மீள்வதன் 150 வருஷக் கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

தொடங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. இன்னைக்கு எபிசோட் சாப்பிடாம இருக்கிற நோய் பத்தி, அதுல இருந்து வெளிய வர்றது பத்தி. என் கதையும் கொஞ்சம் வரும். ஆனா என் எடை எவ்வளவு இருந்தது, ஒரு நாளைக்கு என்ன சாப்பிட்டேன், எந்த எண்ணும் சொல்லமாட்டேன். இந்த நோய்ல இருக்கிறவங்களுக்கு அடுத்தவங்க எண் ஒரு போட்டி ஸ்கோர் மாதிரி. நானும் அப்படித்தான் தேடித் தேடிப் படிச்சேன். கேட்கும்போது கஷ்டமா இருந்தா நிறுத்திடுங்க. யார்கிட்டயாவது பேசணும்னா டெலி மானஸ் நம்பர் 14416, தமிழ்லயே பேசலாம்.

சரி, விருத்தாசலத்துக்குப் போவோம். எங்க ஊர். வெளியூர்க்காரங்களுக்கு அது ஒரு ரயில்வே ஜங்ஷன். எங்களுக்குப் பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, அப்புறம் பீங்கான். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர்ற அரசுக் கல்லூரி இருக்கு, தொழிற்பேட்டை இருக்கு. அப்பா அங்க ஒரு யூனிட்ல சூளை பார்த்தவர். சூளையைப் பத்தி அவர் சொன்ன ஒரு விஷயம் இந்தக் கதைக்கு நடுவுல வேணும், அதனால இப்பவே சொல்லி வைக்கிறேன்.

என் கதையைச் சுருக்கமா சொல்றேன். இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், ஹாஸ்டல். போன்ல ஒரு கலோரி ஆப். அதுல இருந்து எடுத்து எக்செல்ல ஒரு ஷீட், ஃபார்முலா, கிராஃப். கிராஃப் கீழ இறங்கினா சந்தோஷம். சனிக்கிழமை விரதம், சஷ்டி விரதம், கார்த்திகை விரதம்னு எல்லாத்துக்கும் பேர் கொடுத்தேன். நம்ம ஊர்ல விரதம்னு சொன்னா அடுத்த கேள்வி வராது, "நல்ல பையன்"னு பேர்தான் வரும். பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வந்தப்ப அம்மா என்னைப் பார்த்துட்டுப் பையைக் கூட வாங்கல. அப்படியே நின்னாங்க.

அப்புறம் வழக்கமான சுற்று. கேஸ் ட்ரபிள், அல்சர், எண்டோஸ்கோபி, பசி எடுக்கிற டானிக். திருஷ்டி கழிச்சாங்க. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல அம்மா பிராது கட்டினாங்க. தெரியாதவங்களுக்கு: அங்க நம்ம குறையைப் போலீஸ் ஸ்டேஷன்ல புகார் கொடுக்கிற மாதிரி தாள்ல எழுதி, சாமிகிட்ட கட்டிட்டு வருவாங்க. கடைசியா பாண்டிச்சேரியில ஒரு மனநல மருத்துவர். அவர் பேரைச் சொன்னார்: அனோரெக்சியா நெர்வோசா. பசங்களுக்கும் வரும்னார். அம்மா அவர்கிட்ட முதல்ல கேட்ட கேள்வி, மருந்து என்னன்னு இல்ல. "என்னாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

அந்தக் கேள்விக்கு 150 வருஷ வரலாறு இருக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது. இன்னைக்கு எபிசோடே அந்தக் கேள்விதான்.

விருத்தாசலத்துல இருந்து கடலூர் பஸ் ஏறினா நெய்வேலி தாண்டி வடலூர் வரும். 1867 மே மாசம் வள்ளலார் அங்க தருமச்சாலை தொடங்கினார். அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையலன்னு எங்க பக்கம் பெருமையாச் சொல்வாங்க. நம்ம மரபுல பசியே ஒரு பிணி, பசிப்பிணி. அதுக்கு மருந்து சோறு. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள, 1876 முதல் 78 வரைக்கும், சென்னை மாகாணத்தையே தின்ன தாது வருஷப் பஞ்சம் வந்தது. இப்படி ஒரு மண்ணுல, சோறு இருந்தும் சாப்பிடமாட்டேன்னு ஒருத்தன் உட்கார்ந்தா அதை நோயாப் பார்க்க யாருக்குத் தோணும்? திமிர்னுதான் தோணும். என் தாத்தாவுக்கு அப்படித்தான் தோணுச்சு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

வடலூர்ல அடுப்பு எரியத் தொடங்கின அடுத்த வருஷம், 1868ல, ஆக்ஸ்ஃபோர்டுல டாக்டர்கள் கூட்டம் ஒண்ணுல வில்லியம் கல் என்கிற லண்டன் மருத்துவர் பேசினார். வேற எந்த நோயும் இல்லாம, சாப்பிடாமலே உருகிப்போற இளம் பெண்களைப் பத்தி அந்தப் பேச்சுல ஒரு குறிப்பு வருது. 1873ல பாரிஸ்ல சார்ல்ஸ் லசேக், எட்டு நோயாளிகளை வெச்சு ஒரு கட்டுரை எழுதினார். அதே வருஷம் கல் திரும்பப் பேசினார். 1874ல அச்சான அந்தக் கட்டுரைதான் 'அனோரெக்சியா நெர்வோசா'ங்கிற பேரை நிலைக்க வெச்சது. பேருக்கு அர்த்தம் நரம்புக் கோளாறால பசியின்மை. ஆனா நிறைய பேருக்குப் பசி இருக்கும், பயங்கரமா இருக்கும். பேர்லயே பக்.

ரெண்டு பேரும் பார்த்தது ஒரே நோய். ஆனா வீட்டு ஆட்களைப் பத்தி அவங்க சொன்னது முக்கியம். லசேக் வீட்டைக் கூர்ந்து பார்த்தார். குடும்பத்துகிட்ட இருக்கிறது ரெண்டே ஆயுதம், ஒண்ணு கெஞ்சுறது, இன்னொண்ணு மிரட்டுறது, ரெண்டும் எடுபடாதுன்னு எழுதினார். எங்க வீட்டு டைனிங் டேபிள்ல கேமரா வெச்சுப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. கல் நேரத்துக்கு நேரம் உணவு கொடுக்கணும்னார், பசிக்குதான்னு கேட்டுக்கிட்டு இருக்கக்கூடாதுன்னார். இதுவரைக்கும் சரி. ஆனா கூட இருந்து கவனிக்கிற வேலைக்குச் சொந்தக்காரங்களும் நண்பர்களும்தான் பெரும்பாலும் லாயக்கே இல்லாதவங்கன்னு முடிச்சார். பாரிஸ்ல ஷார்கோ இன்னும் ஒரு படி மேல போனார். ஒரு பெண்ணோட அப்பா அம்மாவை ஊரை விட்டே போகச் சொன்னார். அவங்க போன பிறகு அவள் சாப்பிடத் தொடங்கினாள். அவ்வளவுதான், தனிமைப்படுத்துறதுதான் சிகிச்சைன்னு ஆகிப்போச்சு.

இடையில ஒரு தடம் மாறல். 1914ல ஹாம்பர்க்ல மோரிஸ் சிமண்ட்ஸ் என்கிற நோயியல் நிபுணர், பிட்யூட்டரி சுரப்பி அழிஞ்சு ஒரு பெண் மெலிஞ்சு இறந்ததைப் பதிவு பண்ணினார். உடனே மெலிஞ்சவங்க எல்லாருக்கும் பிட்யூட்டரி கோளாறுன்னு ஒரு அலை. நோயாளிகள் பலருக்குச் சுரப்பிச் சாறு ஊசி போட்டாங்க. இதை நான் வேகமாத் தாண்டுறேன்.

அது ஓய்ஞ்சதும் பழி திரும்ப வீட்டுக்கே வந்தது, இந்தத் தடவை இன்னும் நாசூக்கா. அமெரிக்காவில ஹில்டே புரூக், குழந்தையோட பசியை அம்மா சரியாப் புரிஞ்சுக்கலங்கிற மாதிரி விளக்கினார். அவர் நோயாளிகளை மதிச்சுக் கேட்டவர், அதை மறுக்கல. 1978ல சல்வடோர் மினூச்சின் குழு, அனோரெக்சியா வர்ற குடும்பங்களுக்குன்னே ஒரு அமைப்பு இருக்கு, அளவுக்கு மீறி ஒட்டிக்கிட்டு இருப்பாங்க, சண்டையை மூடி மறைப்பாங்கன்னு எழுதினாங்க. அளவுக்கு மீறி ஒட்டிக்கிட்டு இருக்கிற குடும்பம்! இந்த அளவுகோலை விருத்தாசலத்துல வெச்சா மொத்த ஊரும் வார்டுல இருக்கணும்.

ஆனா மினூச்சினுக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும். குடும்பத்தைக் காரணமாப் பார்த்தவர்தான், ஆனா அவர் குடும்பத்தை வெளிய அனுப்பல. உள்ள கூப்பிட்டு, நோயாளியோட சேர்த்து உட்கார வெச்சு சாப்பிட வெச்சார். கதவு அங்கதான் கொஞ்சம் திறந்தது.

இப்ப நம்ம பக்கம் வருவோம். இந்தப் பகுதிக்காகத்தான் இந்த எபிசோடையே பண்ணினேன். 1950கள்ல அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில வித்யா சாகர்னு ஒரு மருத்துவர். நோயாளிகள் அதிகம், ஆட்கள் கம்மி. அவர் ராணுவத்துகிட்ட கூடாரம் வாங்கி வளாகத்துல அடிச்சு, நோயாளியோட குடும்பத்தையும் கூடவே தங்க வெச்சார். மத்த ஊர்ல எல்லாம் சங்கிலி, பூட்டுன்னு இருந்த காலம் அது. சொந்தக்காரங்க கூட இருந்தவங்க சீக்கிரம் தேறினாங்க, திரும்ப அவங்களை ஏத்துக்க வீடும் தயாரா இருந்தது. கொஞ்ச வருஷத்துல வேலூர் சி.எம்.சி.யும் இதே வழியில போச்சு. கனடாவில இருந்து வந்த ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் பாகாயத்துல தொடங்கின மனநல மையத்துல, நோயாளி கூட ஒரு சொந்தக்காரர் தங்கணும்ங்கிறது வழக்கமாச்சு. அவங்களே சமைப்பாங்க, பக்கத்துலயே படுப்பாங்க, வைத்தியத்துல பங்கெடுப்பாங்க.

இது அனோரெக்சியாவுக்காகச் செஞ்சது இல்ல, தெளிவாச் சொல்லிடறேன். தீவிர மனநோய்களுக்காக, கொஞ்சம் பணப் பற்றாக்குறையாலயும் வந்த ஏற்பாடு. லண்டன்காரங்க இதைப் பார்த்துக் காப்பி அடிச்சாங்கன்னும் சொல்லல. ஆனா, சொந்தக்காரங்க லாயக்கில்லன்னு ஐரோப்பா நூறு வருஷம் நம்பிக்கிட்டு இருந்தப்ப, சொந்தக்காரங்க இல்லாம முடியாதுன்னு இங்க ரெண்டு மருத்துவமனை செஞ்சு காட்டிடுச்சு.

லண்டன்ல அதை எண்ணிக் காட்டினது மாட்ஸ்லி மருத்துவமனை. ஜெரால்ட் ரஸ்ஸல், ஜார்ஜ் ஸ்முக்லர், கிறிஸ்டோபர் டேர், இவான் ஐஸ்லர். ரஸ்ஸல் யாருன்னா, 1979ல புலிமியா நெர்வோசாவுக்குப் பேர் வெச்சவர். அவங்க 80 நோயாளிகளை ஆஸ்பத்திரியில எடை தேத்தி, அப்புறம் பாதிப் பேருக்குக் குடும்பத்தோட சிகிச்சை, மீதிப் பேருக்குத் தனியா சிகிச்சை. 1987ல முடிவு வந்தது. நோய் 18 வயசுக்குள்ள தொடங்கி, 3 வருஷத்துக்கு மேல ஆகாதவங்களுக்குக் குடும்பத்தோட செஞ்சதுதான் தெளிவா ஜெயிச்சது. வயசு கூடினவங்களுக்கு அப்படி இல்ல. 2010ல அமெரிக்காவில 121 பதின்வயதினரை வெச்சு ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிராஞ்ச் குழு செஞ்ச சோதனையிலயும், சிகிச்சை முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தப்ப, குடும்பம் வழியாப் போனவங்கள்ல 49 சதவீதம் முழுசா மீண்டிருந்தாங்க. தனி சிகிச்சையில 23.

அந்த முறையில என்னதான் பண்றாங்க? முதல் கட்டத்துல சாப்பாட்டு முடிவு முழுக்க அப்பா அம்மா கையில. என்ன, எவ்வளவு, எப்போன்னு பேரம் கிடையாது. அவங்க பக்கத்துலயே உட்காருவாங்க. எடை தேறினதும் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கொடுப்பாங்க. கடைசியிலதான் மத்த மனக் கஷ்டங்கள் எல்லாம் பேச்சுக்கு வரும். இதுல எனக்குப் பிடிச்ச அம்சம், நோய் ஏன் வந்ததுன்னு முதல்ல தோண்டமாட்டாங்க. நம்ம வேலையில ராத்திரி 2 மணிக்கு ப்ரொடக்‌ஷன் விழுந்தா என்ன பண்ணுவோம்? ரூட் காஸ் தெரிஞ்சாத்தான் சர்வரை எழுப்புவேன்னு யாரும் உட்காரமாட்டோம். முதல்ல சர்வீஸ் மேல வரணும். போஸ்ட்மார்ட்டம் மீட்டிங் காலையில.

ஏன் சாப்பாடு முதல்ல? இதுக்கு விடை மினசோட்டாவில இருக்கு. இரண்டாம் உலகப் போர்ல சண்டைக்குப் போகமாட்டேன்னு மனசாட்சி காரணம் சொன்ன 36 இளைஞர்கள், 1944 நவம்பர்ல ஆன்சல் கீஸ் நடத்தின ஒரு ஆய்வுக்குத் தங்களைக் கொடுத்தாங்க. ஆறு மாசம் அரைப்பட்டினி. பஞ்சத்துல அடிபட்டவங்களை எப்படித் தேத்துறதுன்னு கண்டுபிடிக்க. எல்லாரும் நல்ல ஆரோக்கியமான, மனசு திடமான ஆட்களாப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. பட்டினி போகப் போக அவங்க சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினாங்க. ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கா இழுத்தாங்க, தட்டை நக்கினாங்க, எரிஞ்சு விழுந்தாங்க, நண்பர்களை ஒதுக்கினாங்க. யாருக்கும் ஒல்லியாகணும்ங்கிற ஆசை இல்ல. உடம்புல கால்வாசி போனதும் மனசு அப்படி ஆயிடுச்சு. நான் ஹாஸ்டல்ல ராத்திரி முழுக்க யூடியூப்ல பிரியாணி வீடியோ பார்த்தது என் குணம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது பட்டினியோட குணம்.

தேத்துற கட்டத்துல கீஸ் சிலருக்கு வைட்டமின் சேர்த்தார், சிலருக்குப் புரதம் சேர்த்தார். பெரிய வித்தியாசம் இல்ல. மொத்தச் சாப்பாடு எவ்வளவுங்கிறதுதான் வேலை செஞ்சது. பசி எடுக்கிற டானிக் பாட்டில்களை நினைச்சுக்கிட்டேன். இன்னொண்ணு: நிறைய சாப்பிடத் தொடங்கின பிறகும் பல மாசம் அவங்களுக்குப் பசி அடங்கல, மனசு ஒரு நிலைக்கு வரல. எடை வந்துடுச்சு, அப்ப சரியாயிடுச்சுன்னு வீட்ல முடிவு பண்ற இடத்துலதான் பல பேர் திரும்ப விழறாங்க.

இங்கதான் அப்பாவோட சூளை. டாக்டர் என் சாப்பாட்டை முதல்ல கொஞ்சமா வெச்சு, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து ஏத்தினார். அம்மாவுக்கு இது தாங்கல. பையன் இப்பத்தான் சாப்பிடறான், ஏன் அளவு வெக்கணும்? பட்டினி கிடந்த உடம்புல திடீர்னு நிறைய மாவுச்சத்து இறங்கினா ரத்தத்துல பாஸ்பேட் சட்டுனு குறையும், இதயம் நிக்கக்கூட வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் விளக்கினார். 1945ல பெர்கன் பெல்சன் வதைமுகாம்ல விடுதலை ஆனவங்கள்ல பலர், கிடைச்ச சாப்பாட்டை உடம்பு தாங்காம செத்துப்போனாங்க. அங்க கொடுத்துப் பார்த்த ஒரு கரைசலுக்குப் பேரே வங்கப் பஞ்சக் கலவை. 1943 வங்கப் பஞ்சத்துல உருவானது. அம்மாவுக்கு இது எதுவும் ஏறல. அப்பாதான் ஒரே வரியில சொன்னார்: "சூளையை எடுத்தவுடனே முழுச் சூட்டுல வெச்சா உள்ள இருக்கிற ஈரம் வெடிச்சுடும்டி, படிப்படியாத்தான் ஏத்தணும்." அதுக்கு அப்புறம் அம்மா ஒரு கரண்டி கூட அதிகம் வைக்கல.

சரி, இந்தியாவில இது எவ்வளவு? ரொம்ப நாள் இது வெள்ளைக்காரப் பணக்காரப் பெண்களோட நோய்னு பாடப் புத்தகமே சொன்னது. சென்னையில டி.என். சீனிவாசன், டி.ஆர். சுரேஷ், வசந்தா ஜெயராம் 1998ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. 210 மருத்துவ மாணவர்கள். மேல்நாட்டு வரையறைக்குள்ள முழுசா வராம, ஆனா சாப்பாட்டாலயும் உடம்பாலயும் தவிக்கிறவங்க 31 பேர் இருந்தாங்க. அதுக்கு அவங்களே ஒரு பேர் வெச்சு, நம்ம ஊருக்கான கேள்விப் பட்டியலும் தயார் பண்ணினாங்க. வேலூர் சி.எம்.சி.யில 2007ல வந்த ஆய்வுல, மனநலப் பிரிவுக்கு வந்த குழந்தைகள், பதின்வயதினர்ல 1.25 சதவீதத்துக்கு உணவு சார்ந்த கோளாறு. அதுல பெரும்பாலானவங்களுக்கு அனோரெக்சியா இல்ல, மனக் காரணத்தால வர்ற வாந்தி. 1995ல டெல்லியில எழுதினதுலயும் ஐந்து இளம் பெண்கள்: சாப்பிடல, மெலிஞ்சாங்க, மாதவிடாய் நின்னுச்சு, ஆனா 'குண்டாயிடுவேன்'ங்கிற பயத்தை யாரும் சொல்லல. ஹாங்காங்ல சிங் லீயும் இதையேதான் பார்த்தார். அங்கயும் நோயாளிகள் வயிறு உப்புசம், பசி இல்லன்னுதான் சொன்னாங்க.

அப்ப யோசிங்க. குண்டாயிடுவேன்ங்கிற பயம் இருந்தாத்தான் நோய்னு வரையறை எழுதினா, 'வயித்துல கேஸ் அம்மா'ன்னு சொல்ற பொண்ணு எங்க போவா? எண்டோஸ்கோபிக்குப் போவா. நானும் அப்படித்தான் போனேன்.

மீள்வாங்களா? இதைத்தான் எல்லாரும் மெயில்ல கேட்கறீங்க. 2002ல ஹான்ஸ் கிறிஸ்டோஃப் ஸ்டைன்ஹவுசன் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். அனோரெக்சியாவுல கிட்டத்தட்ட பாதிப் பேர் முழுசா மீண்டாங்க, மூணுல ஒருத்தர் தேறினாங்க, அஞ்சுல ஒருத்தருக்கு நீடிச்சது. பாதிதானான்னு எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. அப்புறம் 2017ல மாசசூசெட்ஸ்ல இருந்து ஒண்ணு வந்தது. அதே பெண்களை 20 வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்தது. 9வது வருஷத்துல அனோரெக்சியாவுல இருந்து மீண்டவங்க 31 சதவீதம்தான். 22வது வருஷத்துல 63 சதவீதம். அதாவது, இவங்க இனி இப்படித்தான்னு எல்லாரும் கைவிட்ட பிறகும் பாதிக்குப் பாதி வெளிய வந்திருக்காங்க.

எது உதவுது? சீக்கிரம் தொடங்கறது. முதல் சில வாரத்துலயே எடை தேற ஆரம்பிக்கிறது. பக்கத்துல ஆள் இருக்கிறது. எது கெடுக்குது? என் அனுபவத்துல, நம்ம ஊர்ப் பாசமே. "என்னடா இப்படி இளைச்சுட்ட?"ன்னு எல்லாரும் கேட்டப்ப எனக்கு அது பரிசு. தேறின பிறகு ஒரு கல்யாண வீட்ல பெரியப்பா கன்னத்தைக் கிள்ளி, "இப்பத்தான்டா சதை போட்டிருக்க"ன்னார். மனுஷர் அன்பாத்தான் சொன்னார். நான் ரெண்டு நாள் இலையில உட்காரல.

எல்லா வீடும் எங்க வீடு இல்லங்கிறதும் எனக்குத் தெரியும். அடிக்கிற அப்பா இருக்கிற வீட்ல, மருமகளோட தட்டை எண்ணுற வீட்ல, பக்கத்துல உட்கார்றது காவலா மாறிடும். முன்ன சொன்ன 1987 ஆய்வுலயே வயசு கூடினவங்களுக்குக் குடும்பத்தோட செஞ்ச சிகிச்சை அப்படி ஜெயிக்கல. புலிமியாவுக்கு ஆக்ஸ்ஃபோர்டுல கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த சிந்தனை நடத்தைச் சிகிச்சை தனியாத்தான் செய்யறது. கூட இருக்கிற ஆள் அம்மாவாத்தான் இருக்கணும்னு இல்ல. எனக்கு அம்மா கிடைச்சாங்க.

அந்தக் கேள்விக்கு வர்றேன். 2010ல உணவுக் கோளாறுகளுக்கான சர்வதேச அமைப்பு ஒண்ணு, குடும்பம்தான் இந்த நோய்க்கு முதன்மைக் காரணம்ங்கிற கொள்கையை மறுத்து நிலைப்பாட்டு அறிக்கையே வெளியிட்டது. 2019ல சுமார் 17,000 அனோரெக்சியா நோயாளிகளோட மரபணுக்களை அலசினதுல, நோயோட தொடர்புள்ள எட்டு இடங்கள் கிடைச்சது. அதுல வெறும் மன விஷயம் மட்டும் இல்ல, உடம்பு சக்தியைக் கையாளுற விதமும் கலந்து இருந்தது. ஆனா எங்க டாக்டர் இதெல்லாம் அம்மாகிட்ட சொல்லல. "உங்களால வரலம்மா. ஆனா உங்களால போகும்"னு மட்டும் சொன்னார். அடுத்த எட்டு மாசம், மூணு வேளையும், நடுவுல ரெண்டு தடவையும் அம்மா என் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாங்க. கெஞ்சல, மிரட்டல. டிவியில சீரியல் ஓடும். நான் தட்டைத் தள்ளினா, "இருக்கேன், மெதுவா சாப்பிடு"ன்னுட்டு சீரியலைப் பார்ப்பாங்க. ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் ஆச்சு. சோறு ஆறிப்போய் அவங்களே எழுந்து சூடு பண்ணிக் கொண்டுவந்தாங்க. நான் ஒரு செமஸ்டர் விட்டேன்.

போன வருஷம் ஊருக்குப் போனப்ப அம்மா கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கூப்பிட்டாங்க, பிராதை வாபஸ் வாங்கணும்னு. கட்டி ஏழு வருஷம் ஆயிடுச்சு. "நான் சரியாகி எவ்வளவு நாளாச்சு, இப்பத்தான் வாபஸ் வாங்கறியா?"ன்னு கேட்டேன்.

"திரும்பி வரலாம்னு டாக்டர் சொன்னாருல்ல," அப்படின்னாங்க. "கேஸை அதுக்குள்ள முடிச்சுட்டா எப்படி?"